பறங்கிக்காய் ரொட்டிக்கு வெல்லம் எவ்வளவு?

தை மாதம் குடவாசல் பக்கத்து வீடுகளில் கூடத்து மூலையில் ஒரு பறங்கிக்காய் உட்கார்ந்திருக்கும். மார்கழியில் வாசல் கோலத்துச் சாணிப் பிள்ளையார் தலையில் பூவாக இருந்ததன் அண்ணன் தம்பிதான். சென்னைக்காரர்களுக்கு இது மஞ்சள் பூசணி. அமெரிக்கக் கண்டத்துக் கொடி. பறங்கியர் என்று நாம் அழைத்த போர்ச்சுகீசியர் வந்த பிறகு இங்கே வேர்விட்டதால் பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

முழுக்காய் மாதக்கணக்கில் கெடாது. அரிவாள்மனையில் பிளந்துவிட்டால்தான் சங்கடம். சாம்பாருக்கு ஒரு கீற்று, பால் கூட்டுக்கு ஒரு கீற்று, மீதி?

குடவாசலில் ஒரு வீட்டில் அந்த மீதி ரொட்டியாகிறது. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய். சாயங்கால டீக்கு பேக்கரி பன் இல்லாமல் அவருக்கு ஆகாது. ‘கோதுமை பிரெட்’ என்று ஒரு பாக்கெட் வாங்கிவந்தார். மனைவி பின்பக்கம் திருப்பிப் படித்தார். எடை அதிகமான பொருளை முதலில் போட வேண்டும் என்பது விதி. முதலில் இருந்தது மைதா!

அன்றிலிருந்து வீட்டிலேயே. ஓவன் கிடையாது. குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல்லுப்பு பரப்பி, ஸ்டாண்டு வைத்து பத்து நிமிஷம் காயவிடுகிறார். பறங்கிக்காயைத் தண்ணீரில் வேகவைப்பதில்லை. ஆவியில் வைத்து மசிக்கிறார், இல்லாவிட்டால் மாவு நீர்த்துவிடும். மசித்தது ஒரு கப், கோதுமை மாவு ஒன்றரை கப், கால் கப் எண்ணெய், கால் கப் புளித்த தயிர், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சோடா அரை டீஸ்பூன், சிட்டிகை உப்பு, சுக்கு, ஏலக்காய். ஈஸ்ட் வேண்டாம், தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தே உப்பவைக்கும். மாவு கலந்ததும் கரண்டியை வைத்துவிட வேண்டும். அடித்துக்கொண்டே இருந்தால் ரொட்டி ரப்பராகிவிடும். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் முக்கால் மணி நேரம். குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். நன்றாக ஆறிய பிறகுதான் கத்தி.

வெல்லத்தில்தான் வீட்டில் தகராறு. அமெரிக்கக் குறிப்புகள் பலவற்றில் மாவுக்குக் கிட்டத்தட்டச் சமமாகச் சீனி இருக்கும். இவர் அரை கப் வெல்லத்தில் ஆரம்பித்தார். முதல் நாளே வீட்டுக்காரர் நாலு துண்டு எடுத்துவிட்டார்.

“என்னங்க இது?”

“வெல்லம்தானே, சீனியா போட்டே?”

இந்தக் கேள்வி குடவாசலில் மட்டுமா கேட்கிறது? வெல்லத்தில் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு, வாஸ்தவம். ஆனால் ரத்தத்துக்குள் போனதும் அது சீனியின் வேலையையே செய்யும். கோதுமை மாவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். மைதாவைவிட நார்ச்சத்து அதிகம், அவ்வளவுதான். பறங்கிக்காயின் பெரிய உபகாரம் வேறு: மஞ்சள் நிறம் தரும் பீட்டா கரோட்டின் ஒருபுறம் இருக்கட்டும், அதன் சொந்த இனிப்பு நம் கையிலிருக்கும் வெல்லத்தைக் குறைக்கவிடுகிறது. நன்கு பழுத்த காயாக இருந்தால் கால் கப்பே போதும். அந்த வீட்டில் இப்போது கால் கப்தான்; யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அவருக்கு ஒரு துண்டு, மெல்லியதாக. அதுவும் பன்னுக்குப் பதிலாக. பன்னோடு சேர்த்து அல்ல. மீதி பேரப்பிள்ளைகளுக்கு. ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும் என்கிறார், ஆனால் மறுநாள் காலை வரை இருந்ததில்லையாம். விதைகளைக் கழுவி மாடியில் காயப்போட்டிருக்கிறார். பாதி வறுப்பதற்கு, பாதி ஆடியில் கொல்லையில் ஊன்ற.