முகவர் யாருடைய பிரதிநிதி?

சீனாவின் ஜெஜியாங் மாகாணத்து யீவு நகர மொத்தச் சந்தையில் மட்டும் சுமார் 75,000 கடைகள் இருக்கின்றன. பாஷை அறியாமல் அங்கே சரக்கெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு முகவரின் துணை அவசியமே. ஆயினும், அவர் திறமைசாலியா என்று விசாரிப்பதற்கு முன்பாக, அவர் யாருடைய பிரதிநிதி என்பதையே பிரதானமாக விசாரிக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம்மிடம் நூற்றுக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசிக்கொண்டு, தொழிற்சாலையிடமும் ரகசியமாக ஒரு பங்கு பெறுகிறவர், நமக்காக விலையைக் குறைப்பதில் சிரத்தை காட்டுவார் என்று எங்ஙனம் எதிர்பார்க்க முடியும்? கமிஷனே வேண்டாம் என்பவரிடம் எனக்கு அச்சம் இன்னும் அதிகம். அவருடைய லாபம் சரக்கின் விலைக்குள்ளேயே மறைந்திருக்கிறது. ஆகையால், தொழிற்சாலையின் பெயரையும் அது கொடுத்த அசல் விலைப்பட்டியலையும் காட்டச் சம்மதிப்பாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அவருடைய வியாபார உரிமத்தில் எண்ணும் எழுத்துமாக 18 குறிகள் கொண்ட பதிவெண் இருக்கும். அதைச் சீன அரசாங்கத்தின் நிறுவனப் பதிவேட்டில் தேடி, அங்குள்ள பெயரும் பணம் கேட்கும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

முன்பணம் 30 சதவீதம், மீதி 70 சதவீதம் கப்பலேற்றுமுன் என்பது அங்கே பெருவழக்கு. அந்த மீதியை அனுப்புமுன், முகவருக்கும் ஆலைக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது நிறுவனத்தைக் கொண்டு, ஐ.எஸ்.ஓ. 2859 முறைப்படி மாதிரிகள் எடுத்துச் சரக்கைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். இதற்கு மனமுவந்து உடன்படும் முகவருக்குக் கமிஷனைச் சற்றுக் கூட்டிக் கொடுக்கவும் நான் தயங்கமாட்டேன்.