இரண்டு நிலையங்களும் ஒரு நடையும்



கோடை முடிவதற்குள் ஒரு சனிக்கிழமையைக் குடும்பத்திற்கென ஒதுக்கிவையுங்கள். ஏறத்தாழ அரைமணி நேர நடைதான். நாம் வாழும் ஒஸ்லோ ஒரு துறைமுக நகரம் என்பதையும், நோர்வேயின் புகையிரத வரலாறு இங்கேதான் தொடங்கியது என்பதையும் அந்த நடையில் கண்டுகொள்வீர்கள்.

ஒஸ்லோ மத்திய நிலையத்தை ஒட்டியுள்ள பழைய கிழக்கு நிலையத்தில் தொடங்குங்கள். இன்று உணவகங்கள் இயங்கும் அந்த மண்டபம் 1882ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆனால் பாதை அதற்கும் மூத்தது. 1854 செப்டெம்பர் 1ஆம் நாள் நோர்வேயின் முதலாவது பொதுப் புகையிரதப் பாதை இங்கிருந்து ஐட்ஸ்வோல் வரை, 68 கிலோமீற்றர் தூரத்திற்குத் திறக்கப்பட்டது. மே 17இல் நாம் கொண்டாடும் அரசியலமைப்பு 1814இல் உருவானதும் அதே ஐட்ஸ்வோலில்தான். ஆங்கிலேயப் பொறியியலாளர் ரொபர்ட் ஸ்டீபன்சன் அமைத்த இப்பாதையின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று, உள்நாட்டுக் காடுகளின் மரத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டுவருவது. நமது புனித ஒலாவ் ஆலயம் அருட்பொழிவு செய்யப்பட்டது அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின், 1856இல்.

இனிக் கடலோரமாக, ஆக்கர்ஸ்ஹூஸ் கோட்டையைச் சுற்றி நகரமண்டபச் சதுக்கத்திற்கு வாருங்கள். அங்கே நோபல் அமைதி நிலையமாக 2005 முதல் விளங்கும் கட்டடமே பழைய மேற்கு நிலையம். 1872இல் திறந்த திராமன் பாதைக்காகக் கட்டப்பட்டது. இவ்விரு நிலையக் கட்டடங்களையும் வடிவமைத்தவர் ஒருவரே: கேயோர்க் அந்திரேயாஸ் புல்.

இப்போது நீங்கள் நடந்துவந்த தூரத்தை எண்ணிப்பாருங்கள். இந்தச் சிறு இடைவெளிதான் கிழக்கையும் மேற்கையும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிரித்துவைத்தது. செலவைக் குறைக்க திராமன் பாதையை 1067 மில்லிமீற்றர் அகலத்தில் அமைத்தார்கள். ஐட்ஸ்வோல் பாதையோ 1435 மில்லிமீற்றர். ஒன்றின் வண்டி மற்றொன்றின் தண்டவாளத்தில் ஓட முடியாது. 1922இல் திராமன் பாதை அகலமாக்கப்பட்ட பின்னரும் பயணிகளின் வண்டிகள் இரு முனைகளிலுமே நின்றன. துறைமுகத்தின் ஓரமாகச் சென்ற இணைப்புப் பாதை பெரும்பாலும் சரக்குகளுக்கே பயன்பட்டது. 1980இல், நகரின் கீழே ஏறத்தாழ 3.6 கிலோமீற்றர் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபோதுதான் கிழக்கும் மேற்கும் இணைந்தன. 1989இல் மேற்கு நிலையம் மூடப்பட்டது.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்? நம் இல்லங்கள் பலவற்றிலும் இத்தகைய இரு நிலையங்கள் உள்ளன. காங்கேசன்துறைத் துறைமுகம் வரை ஓடிய யாழ்தேவியில் கொழும்பிலிருந்து ஊர் திரும்பிய அப்பப்பாவும், ஒஸ்லோவில் பிறந்த பேரப்பிள்ளையும் ஒரே மேசையில் அமர்கிறார்கள். ஒருவர் மொழி மற்றவருக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. நடுவே உள்ள தூரம் சிறிதாக இருப்பதாலேயே அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. 1990இல் நின்றுபோன வடபகுதிப் புகையிரதம் 2014இல் யாழ்ப்பாணத்தையும், 2015இல் காங்கேசன்துறையையும் மீண்டும் அடைந்தது. அந்த இருபத்துநான்கு ஆண்டுகளில் முதியவர் பலர் தம் கதையைச் சொல்லாமலே இறைவனடி சேர்ந்தனர். தண்டவாளத்தை மீண்டும் இடலாம். அவர்களை இனிக் கேட்க முடியாது.

ஆகவே, அந்த நடைக்கு வீட்டின் மூத்தவரையும் இளையவரையும் சேர்த்தே அழைத்துச் செல்லுங்கள். ஐட்ஸ்வோலைப் பற்றிப் பிள்ளை சொல்லட்டும், பள்ளியில் கற்றிருப்பார். காங்கேசன்துறை நிலையத்தைப் பற்றிப் பெரியவர் சொல்லட்டும். தமிழ் தடுமாறினால் நோர்வேஜிய மொழி கைகொடுக்கட்டும். இரண்டும் தடுமாறினால் பெற்றோராகிய நீங்கள் நடுவே நின்று மொழிபெயருங்கள். கால் வலிக்கும் பெரியவர்கள் நகரமண்டபச் சதுக்கத்தில் அமர்ந்திருக்கலாம். கடல் அங்கே கண்ணெதிரே தெரியும்.

அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின், கோப்பி அருந்தும் வேளையில், உங்கள் வீட்டுப் பெரியவர் என்ன சொன்னார் என்பதைப் பிள்ளைகளிடமே கேட்பேன்.

இறை ஆசீர் உங்களோடு இருப்பதாக.