முதலில் தூணைத் தட்டிப் பாருங்கள்

பழைய என்லார்ஜரை விலைக்குப் பார்க்கப் போனால் நான் லென்ஸைக் கடைசியில்தான் பார்ப்பேன். தலையைத் தூணின் உச்சிவரை ஏற்றிப் பூட்டிவிட்டு விரலால் லேசாக ஒரு தட்டு. நடுக்கம் உடனே அடங்கினால் மேற்கொண்டு பேசலாம். இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

லென்ஸை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், விளக்கையும் மாற்றலாம். ஆடுகிற தூணை ஒன்றும் செய்ய முடியாது. 24-க்கு 36 மில்லிமீட்டர் நெகட்டிவை 8-க்கு 10 அங்குலத் தாளில் போட்டாலே எட்டு மடங்குக்கு மேல் பெரிதாகிறது. மாடியில் யாராவது நடந்தால்கூடக் கண்ணிமை மயிர் கலங்கிவிடும். ஸ்டூடியோப் பரண்களிலிருந்து இறங்கும் மெயோப்டா ஓபெமஸ், டர்ஸ்ட் போன்றவற்றில் எனக்கு அதனால்தான் மோகம்.

லென்ஸ் விஷயத்தில் ஒரு நல்ல காலம்: பெரும்பாலானவை 39 மில்லிமீட்டர் திருகு. 35 எம்.எம். பிலிமுக்கு 50, ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் நெகட்டிவுக்கு 80 மில்லிமீட்டர் என்று வாங்கலாம். ஈஎல்-நிக்கோர் 50 எஃப் 2.8, கம்போனான்-எஸ், ரோடகான் மூன்றும் ஆறு கண்ணாடித் துண்டுகள் கொண்டவை. எது கிடைத்தாலும் எஃப் 5.6 அல்லது 8-இல் வைத்துப் போடுங்கள், குறை சொல்ல இடமிருக்காது. பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்க்க மட்டும் மறக்காதீர்கள். கடலோர ஊர்களில் ஃபங்கஸ் பிடிக்காத பழைய லென்ஸ் அபூர்வம்.

விளக்குத் தலையில் இரண்டு கட்சி. காண்டென்சர் ஒளியை ஒருமுகப்படுத்துவதால் கான்ட்ராஸ்ட் ஏறும். கூடவே நெகட்டிவில் உள்ள தூசியும் கீறலும் துல்லியமாக விழும். டிஃப்யூஸர் அவற்றை மன்னித்துவிடும். நம் ஊர்ப் புழுதியில் என் ஓட்டு டிஃப்யூஸருக்குத்தான். கலர் ஹெட் என்றால் இன்னும் நல்லது: மல்டிகிரேடு தாளின் கிரேடை மஞ்சள், மஜெண்டா குமிழ்களைத் திருப்பியே மாற்றலாம். ஆனால் 12 வோல்ட் ஹாலஜனுக்குரிய டிரான்ஸ்ஃபார்மர் கூடவே வருகிறதா? “அது வீட்டில் எங்கோ இருக்கிறது சார்” என்று சொல்கிறவரிடம், அது கிடைத்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். நெகட்டிவ் கேரியருக்கும் இதே விதி.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்யவேண்டிய வேலை, நெகட்டிவ் தட்டும் லென்ஸும் அடிப்பலகையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று பார்ப்பது. பலகைமேல் ஒரு கண்ணாடியை வையுங்கள். இன்னொரு கண்ணாடியின் பின்பக்க ரசத்தில் சிறு வட்டம் சுரண்டி, லென்ஸைக் கழற்றிவிட்டு, கேரியர் இடத்தில் முகம் கீழே இருக்கும்படி வையுங்கள். அந்த ஓட்டை வழியே எட்டிப் பார்த்தால் பிம்பத்துக்குள் பிம்பமாகச் சுரங்கம் தெரியும். சுரங்கம் நேராக இறங்கினால் சரி. ஒரு பக்கம் வளைந்தால் அந்தப் பக்கத்துத் திருகைத் திருத்த வேண்டும். இதற்கு ஒரு மாலை முழுக்கப் போகும், போகட்டும். இதைச் செய்யாமல் நாலு மூலையும் ஒருசேரக் கூர்மையாக விழுவதில்லை.

சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற தெருவென்றால் ஸ்டெபிலைசருக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். காலையில் போட்ட சோதனைப் பட்டையின் நொடிக்கணக்கு இரவில் பலிக்காமல் போக அதுவே காரணம். மிச்சம் பிடிக்கவேண்டிய இடம் டைமர். எனக்கு நொடிக்கொரு தட்டாக மெட்ரோனோம் போதும். முகத்துக்கு மூன்று தட்டு மறைத்து, வானத்துக்கு ஆறு தட்டு கூட்டிக் கொடுக்கும்போது கண் தாளைவிட்டு அகல வேண்டியதில்லை.