மார்கழியில் மக்களிசை

ஐந்திணைக்கும் தனித்தனியே பறை வகுத்தது தமிழ் மரபு. குறிஞ்சிக்குத் தொண்டகம், நெய்தலுக்கு மீன்கோட்பறை. நிலந்தோறும் ஒலித்த அக்கருவி, பிற்காலத்தில் சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டது. சாவு வீட்டிற்கு அழைக்கப்பட்ட பறையிசைக் கலைஞர், இசையரங்கிற்கு அழைக்கப்படவில்லை. வடசென்னையில் துக்க வீட்டு இரவுகளில் வளர்ந்த கானாப் பாடலுக்கும் அந்நிலையே நேர்ந்தது.

இத்தடையைத் தகர்க்க எழுந்தது ஓர் இசைக்குழு. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, 2018ஆம் ஆண்டு சென்னையில் அரங்கேறியது. ‘சாதியற்ற தமிழர்’ என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையே அப்பெயருக்கு ஊற்று. பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த கானாவை அக்குழுவில் இசைவாணி பாடினார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலிலும் இடம்பெற்றார்.

அதே ஆண்டு டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ விழாவைத் தொடங்கியது. மார்கழி என்றாலே சபாக்களின் கருநாடக இசை நினைவுக்கு வரும் சென்னையில், பறையும் கானாவும் நாட்டுப்புறப் பாடலும் ராப் இசையும் அத்திங்களிலேயே மேடையேறின. பருவம் அனைவர்க்கும் பொது என்பதை விழா உணர்த்திற்று.

எனினும், மேடை தருவது தொடக்கமே. அரங்கில் கைதட்டி வரவேற்ற கலைஞரை, மறுநாள் தம் வீட்டு வாசலில் நிறுத்திவைப்போர் இருக்கும்வரை அவ்விழா நிறைவுறுவதில்லை. இசையைக் கேட்ட செவி, இசைத்தவரை மதிக்கவும் கற்க வேண்டும்.