பார்த்து நிற்போர்

கட்டிளமைப் பருவத்தின் வாயிலில் நிற்கும் சிறுவர், தம்முள் வலிமை குன்றிய ஒருவனை நாள்தோறும் வருத்துவதைச் சமூகம் நெடுங்காலம் பிள்ளை விளையாட்டென்றே கருதிவந்தது. அக்கருத்தின் விலையை நோர்வே 1982ஆம் ஆண்டின் இறுதியில் உணர்ந்தது. அந்நாட்டின் வடபகுதியில் 10 முதல் 14 வயதுவரையான மூன்று சிறுவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். சகமாணவர் இழைத்த கொடுமையே காரணமாதல் கூடுமெனப் பத்திரிகை எழுதிற்று. மறு ஆண்டே அரசு பாடசாலைகள்தோறும் இக்கொடுமைக்கெதிரான இயக்கத்தைத் தொடங்கியது.

கொடுமை புரிபவன் எவ்வாறு உருவாகின்றான்? வீட்டில் அன்பு குறைந்து, அடி மிகுந்து, பிறரைத் தாக்கும்போது தடுப்பாருமின்றி வளர்பவனிடத்தே வன்முறை வேரூன்றுகின்றதென உளவியலாளர் டான் ஒல்வியஸ் காட்டினார். எனினும் வீட்டில் முளைத்தது வகுப்பறையிற் செழிக்க வேண்டுமாயின், அங்கு நீர் வார்ப்போரும் இருத்தல் வேண்டும்.

அவர்களை இனங்காட்டியவர் பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லி. 12, 13 வயது மாணவரிடையே அவரும் சக ஆய்வாளரும் நடத்திய ஆய்வு 1996இல் வெளிவந்தது. கொடியவனுக்குக் கைகொடுப்போர், சிரித்து ஊக்குவிப்போர், ஒதுங்கி நிற்போர், துன்புறுபவனைக் காப்போர் என வகுப்பு முழுவதுமே அதிற் பங்கேற்கக் காணப்பட்டது. ஒதுங்கி நின்றோர் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர். ஒவ்வொருவனும் மற்றவனது மௌனத்தைச் சம்மதமென எண்ணுகின்றான். அடுத்த இலக்குத் தானாகலாமென அஞ்சுகின்றான். இவ்விரண்டுமே கொடியவனுக்குச் செல்வாக்கைத் தேடித்தருகின்றன.

இம்மௌனம் கலைதல் அரிதெனினும் பயனற்றதன்று. கனடாவின் ஆரம்பப் பாடசாலை விளையாட்டிடங்களில் நிகழ்ந்தவற்றை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வொன்று, நூற்றுக்கு 88 நிகழ்வுகளிற் பிற மாணவர் உடனிருந்தமையையும், 19இலேயே எவரேனும் குறுக்கிட்டமையையும் கண்டது. குறுக்கிட்டபோதோ, பாதிக்கு மேற்பட்டவை உடனே நின்றன. நோர்வேயின் பேர்கன் நகரில் ஆசிரியரும் பெற்றோரும் மாணவரும் ஒருங்கிணைந்து விதிகள் வகுத்துக் கண்காணித்தபோது, 42 பாடசாலைகளிற் கொடுமை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது.

இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. ஆயினும் அது ஒழிந்தபாடில்லை. பதின்மூன்று வயதிற் பார்த்து நிற்கப் பழகியவனே இருபது வயதிற் பல்கலைக்கழக விடுதியின் வாயிலிலும் பார்த்து நிற்கின்றான். சட்டம் வதைப்பவனைத் தண்டிக்கலாம். அவன் வதைப்பதற்கென ஓர் அவை கூடுவதை, அவ்வவையில் இருப்போரே மறுத்தல் வேண்டும்.