அவியலும் ஆடும் பாம்பும்

திருப்பூரில் வாழும் எங்களுக்கு ராக் இசை முதலில் காதுவழி வரவில்லை. பனியன் துணியில் அச்சாகித்தான் வந்தது. காதர்பேட்டைக் கடைகளில் குவித்துப் போட்டிருக்கும் ஏற்றுமதி மிச்சங்களைக் கிளறினால், மண்டையோடும் மின்னலுமாய் ஏதேனுமொரு குழுவின் பெயர் கையில் சிக்கும். மெட்டாலிக்கா என்பது ஓர் இரும்புக் கம்பெனி என்றே எங்களில் ஒருவர் நெடுநாள் நம்பியிருந்தார். (பின்னாளில் அவர் கவிஞரானார், அது வேறு கதை.)

ஆகவே, கேரளத்தின் ‘அவியல்’ குழு 2008ல் தன் பெயரிலேயே வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகைக்கு ஒரு பிரிண்டிங் பட்டறை வழியாக வந்து சேர்ந்தது பொருத்தமே. சித்தூர்க்காரரான நண்பர் ஒருவர் அங்கே டிசைனர். பாலக்காட்டுத் தமிழில் பஷீரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். நாங்கள் அவரைச் சேட்டன் என்போம். ஒன்றரை ஷிப்டு முடித்துவிட்டு, விரலிடுக்கில் மை காயாமல் வந்து, குறுந்தகட்டை மேசைமேல் வைத்தார்.

எட்டுப் பாடல்கள். டோனி ஜானின் குரல், ரெக்ஸ் விஜயனின் கிதார், மிதுனின் டிரம்ஸ், நரேஷ் காமத்தின் பேஸ். பதின்மூன்று ஏடி, மதர்ஜேன் போன்ற கேரளக் குழுக்கள் ஆங்கிலத்தில் பாடிப் பெயர்பெற்றிருந்த சூழலில், இவர்கள் மலையாளத்தில், அதிலும் நாட்டார் மரபின் சொற்களைக்கொண்டு பாடினார்கள். மலையாள இளைஞர்கள் அதைத் தங்கள் குரலாகவே கொண்டாடினார்கள். ஆங்கில விமர்சகர்களும் வரவேற்றனர். கிதாரின் அடியில் சொல் நசுங்குகிறது என்று முறையிட்டோரும் இருந்தனர்.

எங்கள் கூடுகை இந்த மூன்றாவது கட்சியில் சேர்ந்தது. கசடதபற காலத்திலிருந்து சிற்றிதழ் சேர்த்துவைத்திருக்கும் மூத்த நண்பர் இரண்டாம் பாடலிலேயே எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டார். இன்னொருவர், ‘நாட்டார் பாட்டை டீசர்ட்டில் அச்சடித்த மாதிரி இருக்கிறது’ என்றார். எல்லோரும் சிரித்தோம். சொன்னது யார் முன்னால் என்பது சிரித்து முடித்தபிறகே உறைத்தது.

சேட்டன் கோபப்படவில்லை. ‘ஆடு பாம்பே’ என்ற பாடலை மட்டும் இன்னொருமுறை ஓடவிட்டார். சொல்லே கேட்கவில்லையே என்றோம். ‘பாம்புக்குக் காது ஏதுங்க? தரை அதிர்றதத்தானே அது கேக்குது’ என்றார். அதையும் ஒரு வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு, அன்றைய நிரலில் அடுத்திருந்த கட்டுரை வாசிப்புக்குப் போனோம். குறிப்பேட்டில் ‘ஓசை மிகுதி, பொருள் குறைவு’ என்று எழுதிவைத்தோம். அந்தக் கையெழுத்து யாருடையது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

அப்பாடலின் சொற்கள் நாராயண குருவின் குண்டலினிப் பாட்டு என்பதை அன்று எங்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் அவர் சொல்லாமல் விட்டிருப்பார். தமிழிலும் தேவாரப் பதிகங்கள் பாடியவர் குரு. பாம்பாட்டிச் சித்தருக்கும் அந்தப் பாட்டுக்குமுள்ள உறவைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. இரண்டு சொல் போதும். நாங்களோ மருதமலையில் சித்தர் குகை என்று காட்டப்படும் இடத்துக்குக் கூட்டமாகப் போய்வந்து, சித்தர் மரபு பற்றி இரண்டு கூடுகைகளை நடத்தியவர்கள். எழுத்தில் இருந்தால் பக்க எண்ணோடு சொல்லியிருப்போம். மின்கிதாரோடு வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

இந்த விவரம் தெரியவந்தது பிறகு, நிட்டிங் மில்லில் இரவுப்பணி பார்க்கும் நண்பர் வழியாக. வட்டமாய்ச் சுழலும் எந்திரங்களின் நடுவே காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டாராம். பேஸ் ஒலி எது, தரையின் அதிர்வு எது என்று பிரிக்கமுடியவில்லை என்றார். யாருடைய பாட்டு இது என்று தேடத் தொடங்கியதும் அவர்தான்.

சேட்டனிடம் சொல்லியிருக்கலாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலைப் பார்த்தவர்கள் எவரும் அவ்வுத்தரவைக் குறைசொல்லமாட்டார்கள். ஆனால் சாயம் நின்றால் துணி வராது. துணி வராவிட்டால் பிரிண்டிங்குக்கு என்ன வேலை? அவர் ஊருக்குப் போய்விட்டார். எங்களுக்கு அது தெரிந்ததே இரண்டு வாரம் கழித்துத்தான். அந்த ஆண்டு வந்த ‘சால்ட் அண்ட் பெப்பர்’ என்ற மலையாளப் படத்துக்காக அவியல் குழு ஒரு பாடல் செய்திருந்தது. பேக்கரியொன்றில் யாரோ ஒரு பையனின் கைப்பேசியில் அதைக் கேட்டு, உடனே அவர் எண்ணுக்கு அழைத்தோம். அந்த எண் உபயோகத்தில் இல்லை.

அந்த ஞாயிறன்று அவர் குறுந்தகட்டோடு ஒரு டீசர்ட்டும் கொண்டுவந்திருந்தார். செகண்ட்ஸில் ஒதுக்கிய கறுப்புத் துணியில், மிஞ்சிய மையில், மலையாள எழுத்தில் ‘அவியல்’ என்று தானே ஸ்கிரீன் வைத்து அடித்தது. கூடுகைக்கென்று கொடுத்தார். யாருக்கும் அளவு சரியாக இல்லை. எங்கள் நூலக அலமாரியின் கதவில் அது இன்னமும் தொங்குகிறது. மை வெடித்து, கடைசி எழுத்து உதிர்ந்துவிட்டது.