கன்றுக்குக் கூடு

போன ஓகஸ்ட் கடைசியில் எங்கள் பின்வளவில் ஒரு வாளி நிறைய ஹேசல் கொட்டை பிடுங்கினோம். கேட்கச் சின்ன விசயம்தான். ஆனால் அந்த ஒரு வாளிக்காக எட்டு வருடம் காத்திருந்தேன். வாளியை வந்து பார்த்த நண்பர்கள் இரண்டு மூன்று பேர், "எப்படி வளர்த்தனீங்கள், எழுதுங்கோவன்" என்றார்கள். எழுத உட்கார்ந்தால் வளர்த்த கதை ஒரு பக்கத்துக்கும் வராது போலிருக்கிறது. காத்த கதைதான் நீளம்.

வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும் லண்டன் வீட்டை விற்றுவிட்டு, சர்ரே பக்கம் காட்டோரமாக ஒரு வீட்டுக்கு வந்தோம். வீடு சின்னது, வளவு பெரிது. மனுசிக்கு முருங்கையும் கறிவேப்பிலையும் நிலத்தில் வைக்க ஆசை. இந்தக் குளிருக்கு அது நடக்கிற காரியமா? இந்த மண்ணுக்கு உரியதை வைப்போம் என்று பன்னிரண்டு ஹேசல் கன்று வாங்கி வந்தேன். அது 2016 டிசம்பர்.

ஹேசல் என்றால் எங்கள் ஆட்களுக்கு சொக்லேட்டுக்குள் கடிபடும் உருண்டைக் கொட்டை. அவ்வளவுதான் எனக்கும் தெரிந்திருந்தது. உண்மையில் அது ஒரு தண்டாக நிமிர்கிற மரமல்ல. அடியில் இருந்தே பல தடிகள் கிளம்பும் புதர். ஏழு முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை நிலத்தோடு வெட்டினாலும் திரும்பத் தளிர்க்கும். அந்தத் தடிகளைப் பிளந்து பின்னித்தான் இந்த நாட்டுக்காரர் ஒரு காலத்தில் ஆட்டுப்பட்டிக்குத் தட்டி செய்தார்கள். எங்களுக்குக் கிளுவங்கதியால் எப்படியோ, இவர்களுக்கு ஹேசல் அப்படி.

கொட்டைக்காக வளர்ப்பதில் பெயர் போனது பக்கத்து மாவட்டமான கென்ட். அங்கே இதற்கு 'கொப்நட்' என்று பெயர். நான் வாங்கியதில் பத்து 'கென்டிஷ் கொப்', இரண்டு 'கொஸ்ஃபோர்ட்'. இரண்டு இனம் ஏன் என்றால், ஹேசல் தன் மகரந்தத்தில் தானே காய்க்காது. வேறு இனம் ஒன்று காற்று வாக்கில் நிற்க வேண்டும். பூவும் விசித்திரமானது. தை, மாசிக் குளிரில், இலை ஒன்றும் இல்லாத நேரத்தில், ஆண்பூக்கள் மஞ்சள் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும். பெண்பூவைக் காண்பதற்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிய வேண்டும். மொட்டு நுனியில் சிவப்பு நூல் நாலைந்து நீட்டிக்கொண்டிருக்கும். தேனீ தேவையில்லை, எல்லாம் காற்றின் வேலை. மகரந்தம் ஒட்டிய பிறகும் கரு உண்டாக மாதக்கணக்கில் செல்லும். அவசரம் இல்லாத செடி.

நடுவது சுலபம். நவம்பர் முதல் மார்ச் வரை, இலை உதிர்ந்து உறங்கும்போது, மண் இல்லாத வெறும் வேரோடு கன்று விற்பார்கள். தண்ணீர் தேங்காத இடத்தில், பதினைந்து அடிக்கு ஒன்றாக வைத்தேன். உரம் அதிகம் வேண்டாம், போட்டால் இலைதான் வரும். அரை நாளில் வேலை முடிந்தது. அன்று இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

பத்து நாளில் நாலு கன்றைக் காணவில்லை. காணவில்லை என்றால், அரை அடிக் குச்சிதான் மிச்சம். வெட்டு, கத்தியால் சீவியது போலச் சரிவாக, சுத்தமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்தார். ஒரு காலத்தில் பண்ணை வேலை செய்தவர். அப்போதே எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தபடியே "முயல்" என்றார். அடுத்த மாதம் வேறு மூன்று கன்றின் நுனி போயிற்று. இது இடுப்பளவு உயரத்தில், பிய்த்து இழுத்தது போலக் கந்தலாக இருந்தது. "இது மான். மானுக்கு மேல்தாடை முன்பல் இல்லை. அது கடிக்காது, கிழிக்கும்" என்றார். அறுபது வயதுக்குப் பிறகு நான் படித்த முதல் பாடம் இதுதான். தின்ற மிச்சத்தைப் பார்த்துத் தின்றவனைச் சொல்லலாம்.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் சுருளை வாங்கிச் சுற்றினேன். அது ஒற்றைத் தண்டு மரத்துக்குச் சரி. ஹேசல் அடியில் இருந்து பல தடியாக வருவதால், சுருளுக்குள் நெருக்குப்பட்டு நோஞ்சானாகிவிட்டது. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அடியில் வைக்கோலைத் தண்டோடு சேர்த்துப் போட்டேன். அது வயல் எலிக்கு நான் கட்டிக்கொடுத்த வீடாயிற்று. வைக்கோலுக்குள் இருந்துகொண்டே இரண்டு கன்றின் பட்டையைச் சுற்றிவரக் கறம்பிவிட்டன. இளங்கன்றைச் சுற்றி ஒரு முழத்துக்குப் புல்லும் குப்பையும் இல்லாமல் வெறும் மண்ணாக வைத்திருந்தால் பருந்துக்கும் ஆந்தைக்கும் பயந்து எலி அந்தப் பக்கம் வராது என்று பிறகுதான் விளங்கியது.

அன்றைக்குத்தான் ஐயாவின் நினைவு வந்தது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் ஐயா ஒரு மாங்கன்று வைத்தார். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். கன்றைச் சுற்றிக் கறுக்கு மட்டை நட்டுக் கூடு கட்டும்படி என்னிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். பனைமட்டையின் இரண்டு கரையிலும் வாள்பல் போலக் கறுக்கு இருக்கும். அதற்குள் ஆடு முகத்தை விடாது. நான் மட்டையை அள்ளிவந்து போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டேன். திரும்பி வந்தால், அயல்வீட்டு ஆடு கடைசி இலையைச் சப்பிக்கொண்டு நிற்கிறது. பூவரசம் தடியை முறித்து அதை விளாசிக்கொண்டிருந்தபோது ஐயா வந்துவிட்டார். தடியைப் பறித்தார். எனக்கு அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"ஆட்டுக்கு ஏன்ரா அடிக்கிறாய்? அது தன்ரை வேலையைத்தானே செய்தது. நீதான் உன்ரை வேலையைச் செய்யேல்லை" என்றார்.

அந்த ஆடு நொண்டிக்கொண்டு போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த நினைவோடு ஒவ்வொரு கன்றுக்கும் கூடு கட்டினேன். கறுக்கு மட்டைக்கு இங்கே எங்கே போவது? நாலு மரக்கட்டை, சுற்றிவரக் கம்பிவலை. முயலுக்கு வலையின் கண் 31 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. போனால் குட்டிகள் நுழைந்துவிடும். உயரம் 90 சென்ரிமீற்றர் போதும். ஆனால் அடியில் 15 சென்ரிமீற்றரை வெளிப்பக்கமாக மடித்து நிலத்தில் படுக்கவிட வேண்டும். வேலியடியில் தோண்ட வரும் முயல் அந்த வலைக்கு மேலேயே நின்றுகொண்டு தோண்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். இந்தப் பக்கத்துச் சின்ன மானுக்கு உயரம் 1.2 மீற்றர் வேண்டும். இரண்டுக்குமாகச் சேர்த்து உயரமாகவே கட்டினேன். முயல் வெட்டிய நாலு குச்சியையும் பிடுங்கி எறியப் போனபோது, பக்கத்து வீட்டுக்காரர் "பொறு" என்றார். அடுத்த வசந்தத்தில் நாலும் அடியில் இருந்து தளிர்த்தன. எலி கறம்பிய இரண்டும்கூட நிலத்தோடு வெட்டிவிட, பிழைத்துக்கொண்டன.

2020இல் முதல் காய். எண்ணி ஒன்பது. 2022இல் செடி ஒவ்வொன்றும் குலை குலையாகக் காய்த்தது. செப்டெம்பரில் பிடுங்கலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓகஸ்ட் நடுவில் மூன்று நாள் மகள் வீட்டில் நின்றுவிட்டு வந்தால், மரத்தில் ஒன்றும் இல்லை. நிலம் முழுக்க ஓடு. ஒவ்வொரு ஓடும் நடுவால் இரண்டாகப் பிளந்து கிடந்தது. இப்போது யாரையும் கேட்கத் தேவையில்லை. அணில்.

கூடு முயலையும் மானையும் மறிக்கும். மேலால் வருபவனை எப்படி மறிப்பது? அடுத்த வருடம் காய் பிடிக்கத் தொடங்கியதும், ஆத்திரத்தில் ஒரு பொறிக்கூடு வாங்கி வைத்தேன். பிடித்துக் காட்டுக்குள் தூரக் கொண்டுபோய் விடலாம் என்பது என் எண்ணம். மறுநாள் காலை ஒன்று அகப்பட்டிருந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் சட்டத்தைச் சொன்னார். இங்கே சாம்பல் அணிலைப் பிடித்தால் திரும்ப விடுவது குற்றம். வேறு இடத்தில் மட்டுமல்ல, பிடித்த இடத்திலேயே விடுவதும் குற்றம். கொல்லத்தான் வேண்டும். அதையும் வதைக்காமல் கொல்ல வேண்டும். தண்ணீருக்குள் அமுக்குவதும் குற்றம்.

காரணம் இருக்கிறது. சாம்பல் அணில் இந்த நாட்டுக்கு உரியதல்ல. 1876இல் செஷயரில் ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்தில் அழகுக்கென்று வட அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகி, இந்த மண்ணின் சிவப்பு அணிலை, இரையைப் பிடுங்கியும் அம்மை நோயைப் பரப்பியும், இங்கிலாந்தின் பெரும்பகுதியில் இல்லாமலே செய்துவிட்டது. "வெளியில இருந்து வந்தது, எல்லாத்தையும் பிடிச்சிட்டுது" என்று சொல்லிக்கொண்டு போன மனிதர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். நல்ல மனிதர், காது சிவந்துவிட்டது. நானும் சிரித்துச் சமாளித்தேன். அந்த அணிலின் குடும்பம் வந்து நூற்றுச் சொச்சம் வருடம். நான் வந்தது 1985இல்.

பொறிக்குள் அது ஓடி ஓடிக் களைத்து, மூலையில் ஒடுங்கி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இடது காது நுனி கிழிந்திருந்தது. பேத்திக்கு அதைத் தெரியும். சனிக்கிழமைகளில் வரும்போது யன்னலில் நின்று "கிழிஞ்ச காது" என்று கூப்பிடுவாள். இராமர் அணை கட்டும்போது மண் சுமந்த அணிலின் கதையை அவளுக்குச் சொன்னவனே நான்தான். "அம்மப்பா, இதின்ரை முதுகில கோடு இல்லையே, இராமர் இதைத் தடவேல்லையா?" என்று கேட்டிருந்தாள்.

திறந்து விட்டிருக்கலாம். யாருக்குத் தெரியும்? ஆனால் சட்டத்தைச் சொன்ன மனிதர் பக்கத்தில் நிற்கிறார். எனக்கும் சட்டம் தெரிந்துவிட்டது. "நீ உள்ளே போ, நான் பார்க்கிறேன்" என்றார். நான் போனேன். குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன், சத்தம் கேட்காமல் இருக்க. மனுசி ஒன்றும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் இருவரும் பேசாமல் சாப்பிட்டோம். நாங்கள் மச்சம் சாப்பிடாத வீடு.

சனிக்கிழமை பேத்தி வந்து யன்னலில் நின்று கூப்பிட்டாள். "காட்டுக்குள்ளை போயிருக்கும்" என்றேன். பொய்.

பொறியை யாருக்கும் கொடுக்கவில்லை. காலால் மிதித்து நெளித்துக் குப்பைக்குப் போட்டேன். பிறகு மருமகனையும் கூப்பிட்டு, ஒட்டி வளர்ந்திருந்த ஓக் மரத்தின் கிளைகளை வெட்டினோம். மூன்று ஹேசல் செடிகளை ஆறடிக்கு மேல் போகாமல், நடுவைத் திறந்து கிண்ணம் போலக் கவாத்துச் செய்தேன். கென்டில் பழைய ஆட்கள் இப்படித்தான் செய்வார்கள். அந்த மூன்றுக்கும் கூரையோடு கூடு கட்டினோம். ஒரு அங்குலக் கண் உள்ள கம்பிவலை. பிளாஸ்டிக் வலை என்றால் அணில் கடித்துவிடும். காற்று உள்ளே போகும், மகரந்தமும் போகும், அணில் போகாது. மற்ற ஒன்பதையும் திறந்தே விட்டேன். அதில் வருவது அவரவர் அதிர்ஷ்டம். முற்றிப் பழுப்பாகும் வரை காத்திராமல், ஓகஸ்ட் கடைசியில் பச்சையாகவே பிடுங்கத் தொடங்குகிறோம். பச்சைக் கொட்டை, முற்றாத தேங்காய்ச் சொட்டுப் போல, கடித்தால் பால் வரும். உப்பு ஒரு கல் தொட்டுக்கொண்டால் நிறுத்த முடியாது.

அந்த வாளி முழுக்க இந்த மூன்று செடியில் வந்ததுதான். ஒன்பதிலும் ஓடு மட்டும்தான் மிச்சம். இப்போது கோபம் வருவதில்லை.

கொட்டை உடைத்துக்கொண்டிருந்தபோது பேத்தியிடம் உண்மையைச் சொன்னேன். அவளுக்கு இப்போது ஒன்பது வயது. அழுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கொட்டையை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"இந்தக் கூட்டை முதலே கட்டியிருக்கலாம்தானே, அம்மப்பா?"

ஐயாவை அவள் கண்டதில்லை. அவர் போய் முப்பது வருடம்.

நவம்பர் வந்தால் கன்று விற்கத் தொடங்குவார்கள். வைக்க விரும்புகிறவர்கள் வையுங்கள், நல்ல செடி. இரண்டு இனமாக வாங்குங்கள், அடியில் வைக்கோல் போடாதீர்கள். ஆனால் குழி வெட்ட முன்னர், கம்பியை வாங்கிக் கூட்டைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். கன்றுக்காக மட்டும் அல்ல.